கண்ணை மூடினால் அழுகை வருகிறதா? திறந்துகொண்டே செய்யுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. மனச்சோர்வுக்காக மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், ஓரளவு தேவலை. தியானம் செய்தால் மாத்திரையைச் சீக்கிரம் விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதால் தினமும் காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்கிறேன். பத்து நிமிடத்துக்குள் பழைய தப்பெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது, அழுகை வருகிறது. எனக்குத் தியானம்கூட வராதா? தொடரலாமா?

பதில்: நிறுத்துங்கள். தியானத்தை அல்ல, அந்த அரை மணி நேரத்தை.

மனச்சோர்வின் முக்கியமான குணமே நடந்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப அரைப்பதுதான். அந்த நிலையில் இருப்பவரை அசையாமல், கண்ணை மூடி, பேச்சுத் துணையில்லாமல் உட்கார வைத்தால் அரைப்பதற்கு வசதி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்குப் பலருக்குக் காலை நேரம்தான் இருப்பதிலேயே மோசம், நீங்கள் அந்த நேரத்தையே பிடித்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தியானம் வராமல் இல்லை, வரிசை மாறிவிட்டது.

மனச்சோர்வுக்கென்றே தியானத்தை வைத்து ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் வடிவமைத்த 8 வார வகுப்பு அது. அவர்கள் அதை முதலில் உருவாக்கியது சோர்வின் உச்சத்தில் இருப்பவர்களுக்காக அல்ல. குணமான பிறகு திரும்ப விழாமல் தடுப்பதற்காக. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 424 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். இந்த வகுப்புக்குப் போனவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது, ஏறக்குறைய சமம். “பார்த்தீர்களா, மாத்திரையே வேண்டாம்” என்பவர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள். அங்கே வகுப்புக்குப் போனவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் மாத்திரையைக் குறைத்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்!

நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மாத்திரையைத் தொடரச் சொல்வதுதான் வழக்கம். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அது நிறுத்தியதால் வந்ததா, நோய் திரும்பியதா என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும்.

சரி, என்ன செய்வது? உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். 2024-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் 218 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நடை, மெல்லோட்டம், யோகா, எடைப் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க நன்றாக உதவுவதாகத் தெரிந்தது (ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்). எழுந்ததும் உட்காராதீர்கள், வெளிச்சத்தில் பத்து நிமிடம் நடங்கள். அப்புறம் நின்றபடி செய்யும் ஆசனங்கள், கண் திறந்தே இருக்கட்டும்: தாடாசனம் (நிமிர்ந்து நேராக நிற்பது), வீரபத்ராசனம் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி நிற்பது), முடிந்தால் மெதுவாக இரண்டு சுற்று சூரிய நமஸ்காரம். கால் தரையை அழுத்துவதையும் தோள் விரிவதையும் கவனித்துக்கொண்டே செய்தால் அதுவே தியானம்தான், தனியாக ஒன்று வேண்டியதில்லை.

மூச்சுப் பயிற்சி என்றால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுவது, ஐந்து நிமிடம் போதும். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமானவை இப்போதைக்கு வேண்டாம். படபடப்பு இருப்பவர்களுக்கு அது இன்னும் கூடலாம். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் இருந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் எந்தப் பயிற்சிக்கும் முன்னால் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், சிகிச்சையே மாறக்கூடும்.

மூன்று நான்கு வாரம் இப்படிப் போனபின், மனம் கொஞ்சம் லேசானால், மூன்று நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கண்ணைப் பாதி திறந்து, சுற்றிக் கேட்கும் சத்தங்களைக் கவனியுங்கள். பழைய நினைப்பு வந்தால் “நினைப்பு வந்திருக்கிறது” என்று குறித்துக்கொண்டு சத்தத்துக்குத் திரும்புங்கள். அழுகை வந்தால் எழுந்து நடந்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றுமில்லை.

எதுவுமே முடியாத நாட்களும் வரும். அன்றைக்கு விரிப்பை விரித்து அதன்மேல் ஒரு நிமிடம் நின்றால் கணக்கில் சேரும். தினமும் ஒரே நேரத்தில் எழுவதை மட்டும் விடாதீர்கள், என்னைக் கேட்டால் பாதி ஆசனங்களை விட அது முக்கியம்.

உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு தலைகாட்டினால் பயிற்சியை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு, நெருங்கிய ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வகுப்பில் சேருவதாக இருந்தால் மாத்திரை சாப்பிடுவதை ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லுங்கள். “அதை விட்டுவிட்டு வாருங்கள்” என்று அவர் சொன்னால் வேறு ஆசிரியரைத் தேடுங்கள்.