மழையில் பின்சக்கர இழுவை கார் வழுக்குமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். மாமனார் வீடு கோத்தகிரியில். மாதம் இரண்டு முறையாவது மனைவி, இரண்டு குழந்தைகளோடு மலை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ் வாங்கலாம் என்று இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2021 மாடல் 330ஐ, பின்சக்கர இழுவை, கோவைப் பதிவு, 38,000 கி.மீ. ஓடியது. இன்னொன்று அதே ஆண்டின் எம்340ஐ எக்ஸ்டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவுக்கு பி.எம்.டபிள்யூ வைத்த பெயர்), டெல்லிப் பதிவு, 46,000 கி.மீ. இது 15 லட்சம் ரூபாய் அதிகம். "ரியர் வீல் டிரைவ் மழையில வால் ஆட்டும்ங்க. குழந்தைகளை வெச்சுக்கிட்டு ரிஸ்க் வேண்டாம், ஆல் வீல் டிரைவே எடுங்க" என்கிறார் புரோக்கர். பாதுகாப்புக்காக அந்த 15 லட்சத்தைக் கொடுக்கலாமா?

பதில்: பாதுகாப்புக்காக என்றால் கொடுக்க வேண்டாம். எம்340ஐ மேல் ஆசை என்றால் அது வேறு கணக்கு, அதில் நான் தலையிடமாட்டேன்.

உங்கள் புரோக்கர் இரண்டு இழுவை முறைகளை ஒப்பிடுவதுபோல் பேசி, இரண்டு இன்ஜின்களை விற்கப் பார்க்கிறார். 330ஐ-யில் இருப்பது 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 258 குதிரைத்திறன். நீங்கள் பார்த்த எம்340ஐ-யில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட முதலாவதற்கு 5.8 வினாடி, இரண்டாவதற்கு 4.4 வினாடி. அவ்வளவு பலத்தையும் பின்னால் இருக்கும் இரண்டு டயர்கள் வழியாக மட்டும் தரையில் இறக்கினால் அவை திணறும். அதனால் முன்சக்கரங்களுக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம் மழைக்காலத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் செய்த ஏற்பாடு அல்ல அது. நீங்கள் கொடுக்கப்போகும் 15 லட்சத்தில் பெரும்பங்கு அந்த ஆறு சிலிண்டருக்குப் போகிறது.

ஆல் வீல் டிரைவ் வேலை செய்வது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதுதான். பிரேக் பிடிக்கும்போது அதற்கு அங்கே வேலையே இல்லை, ஏனென்றால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. உங்களூர் கோனியம்மன் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்து இழுக்க எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும், தேரை நிறுத்துவது சக்கரத்துக்கு அடியில் போடும் முட்டுக்கட்டைதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். அதில் உங்கள் கால் எவ்வளவு நேரம் ஆக்சிலேட்டரில் இருக்கப்போகிறது? கூடுதலாகச் சுமக்கும் ஐம்பது, அறுபது கிலோ எடையையும் சேர்த்தே அங்கே பிரேக் நிறுத்தியாக வேண்டும்.

'வால் ஆட்டும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஈரமான கொண்டை ஊசி வளைவில், ஸ்டியரிங் இன்னும் நேராகாத நிலையில், ஆக்சிலேட்டரைப் படாரென்று அழுத்தினால் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். ஆனால் இந்தக் கார்களில் டி.எஸ்.சி. என்ற வழுக்கல் தடுப்பு இருக்கிறது. வழுக்கும் சக்கரத்தை அதுவே பிடித்து, இன்ஜின் பலத்தையும் குறைத்துவிடும். அதை அணைக்கும் பொத்தானைத் தொடாமல் இருந்தால் போதும். வாங்கிய முதல் வாரம் யாராவது நண்பர் வந்து, "இதை அமுக்கிப் பிடிச்சா வண்டி சும்மா பறக்கும்" என்பார். பொத்தானை அவர் விரலுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடர் பின்சக்கர இழுவைதான். பத்மினியும் அப்படித்தான். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு உங்களுக்கு முன்னால் கோத்தகிரி ஏறிக்கொண்டிருக்கும் அரசுப் பேருந்தும் அதேதான். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்சக்கரத்தின்மேல் சாய்வதால், அங்கே இழுக்க அதற்குத்தான் பிடிமானம் அதிகம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மட்டும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மாமனார் வீடு எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தார்ச்சாலையை விட்டு இறங்கி, கடைசி இருநூறு முந்நூறு மீட்டர் தேயிலைத் தோட்டத்துப் பாதையா? செங்குத்தா? பாசி பிடித்த சிமென்ட்டா, செம்மண்ணா? மழை நாளில் நடுவழியில் எதிரே ஜீப் வந்து நீங்கள் நின்றுவிட்டால், மறுபடி நின்ற இடத்திலிருந்து கிளப்ப வேண்டும். அந்த ஓர் இடத்தில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி சுற்றிச் சுற்றி நிற்கும், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஏறிவிடும். பாதை வீட்டை நோக்கி இறக்கமாக இருந்தால், திரும்பக் கிளம்பும்போது இதே கதைதான். ரிவர்ஸில் ஏற வேண்டியிருந்தால் இன்னும் மோசம். பாரம் முன்பக்கம் சாய்ந்துவிடும், பின்சக்கரம் லேசாகிவிடும். அப்படிப்பட்ட பாதை என்றால் எக்ஸ்டிரைவ் உண்மையிலேயே உதவும். ஆனால் அந்தப் பாதையில் இந்த இரண்டு கார்களில் எதன் வயிறு தரையில் தட்டாமல் போகும் என்றும் யோசியுங்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் செடானை அங்கே கொண்டுபோனால், வழுக்குவதற்கு முன்பே இடிபடும். ஆகவே விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தினால் இரண்டு வண்டியும் வேண்டாம், உயரமான வண்டி ஒன்றைப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

சரி, டயருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் டயர் என்ற வார்த்தையே இல்லை. இப்படிக் கேட்டு வரும் கடிதம் எதிலும் இருப்பதில்லை. தரையைத் தொடுவது அதுதான். வண்டி ஏறுவதும் திரும்புவதும் நிற்பதும் உள்ளங்கை அளவு ரப்பர் நான்கில்தான் நடக்கிறது. தேய்ந்த டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிட, நல்ல டயர் போட்ட ரியர் வீல் டிரைவ் மழையில் முன்னதாக நிற்கும். சட்டம் 1.6 மில்லிமீட்டர் தடம், அதாவது டயர் பள்ளத்தின் ஆழம், இருந்தால் போதும் என்கிறது. மலை ஏறுபவருக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஆல் வீல் டிரைவ் காரில் டயர் இன்னொரு வேலையும் செய்யும், உங்கள் பர்ஸைக் கரைக்கும். புரோக்கர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். வண்டியை விற்பதற்கு முன் 'நாலுல ரெண்டு டயர் புதுசு சார்' என்று காட்ட, மலிவான டயர் இரண்டை முன்னாலோ பின்னாலோ மாட்டிவிடுவார்கள். ரியர் வீல் டிரைவில் இதனால் பெரிய சேதம் இல்லை. எக்ஸ்டிரைவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்றொரு பெட்டி இருக்கிறது, அதற்குள் கிளட்ச் தட்டுகள். புது டயரில் தடம் 8 மி.மீ., பழையதில் 3 மி.மீ. என்று வையுங்கள். வித்தியாசம் வெறும் 5 மி.மீ.தான். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அது 31 மி.மீ. ஆகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஏறக்குறைய 15 மீட்டர் கணக்கு உதைக்கும். நாள் முழுக்க, நேர்ச்சாலையில்கூட, அந்த 15 மீட்டரை உள்ளே இருக்கும் கிளட்ச்தான் தேய்ந்து தேய்ந்து ஈடுகட்ட வேண்டும்.

போன வருடம் ஒருவர் இப்படி ஓர் எக்ஸ்டிரைவைக் கொண்டுவந்தார். வேறோர் ஊர் புரோக்கரிடம் வாங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் வண்டி விக்கல் எடுப்பதுபோல் இழுத்து இழுத்து விட்டது. முன்னால் ஒரு கம்பெனி டயர், பின்னால் வேறொன்று. டிரான்ஸ்ஃபர் கேஸ் மாற்ற அவருக்குக் கொடுத்த மதிப்பீடு மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. விற்ற புரோக்கர் போனையே எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லப்போகிறார்? 'செகண்ட் ஹேண்ட்னா அப்படித்தான் சார்.'

ஆகவே எம்340ஐ-தான் என்று மனம் போனால், குனிந்து டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னைவிடப் பின் டயர் அகலமாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது கம்பெனி கொடுத்த அளவாக இருக்கலாம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டோடு அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வண்டி நன்றாகச் சூடான பிறகு ஒரு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக இடமும் வலமுமாக வட்டம் அடியுங்கள். தடங்கல் இல்லாமல் உருண்டால் நல்லது. இழுத்து விட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கியர்பாக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் இருப்பது 'லைஃப்டைம் ஆயில்', மாற்றவே வேண்டாம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வார்கள். யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு என் கணக்கு 60,000.

டிக்கியில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்பாதீர்கள். 'எக்ஸ்டிரைவ்', 'குவாட்ரோ' என்ற ஸ்டிக்கரும் 'எம்' முத்திரையும் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஆடி என்றாலே குவாட்ரோ, அதாவது அந்தக் கம்பெனியின் ஆல் வீல் டிரைவ், என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அண்மைக்காலத்தில் இங்கே விற்ற ஏ4 முன்சக்கர இழுவை. பி.எம்.டபிள்யூ-விலேயே 2 சீரிஸ் கிரான் கூப்பேயும் முன்சக்கரம்தான். நம் ஆர்.சி. அட்டையில் இன்ஜின் எண் இருக்கும், வண்ணம் இருக்கும், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் கிடையாது. சேஸி எண்ணைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்ச் சரிபார்ப்பதுதான் வழி. சர்வீஸ் வரலாறு கேட்டால் 'ஓனர் வந்தால்தான் தருவோம்' என்பார்கள். ஓனர் டெல்லியில் இருக்கிறார். புரோக்கர் தருவதோ வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மங்கலான படம். இவ்வளவு பணம் கைமாறும் ஒரு வியாபாரத்தை இப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அந்த டெல்லிப் பதிவுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அங்கிருந்து என்.ஓ.சி. வர வேண்டும். இங்கே மறுபதிவு செய்து ஆயுட்கால வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு இங்கே வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனாலும் சின்னத் தொகையாக இருக்காது. அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம்தான் சொல்கிறது! அதற்காக அலைந்து பாதியில் விட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும். புரோக்கர் சொன்ன விலையில் இந்த வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். 'ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அவர் சொன்னால், வெளிமாநிலப் பதிவோடு ஓட்ட விடும் அந்தப் பன்னிரண்டு மாதம் எந்தத் தேதியிலிருந்து என்று போலீஸ்காரரிடம் நிரூபிக்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

2023 ஜூலையில் யமுனை பொங்கி டெல்லியில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. அதனால் எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு இருந்தால் மேலே பேசவே வேண்டாம்.

330ஐ-யையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. 38,000 கி.மீ. ஓடியிருந்தால் டயர் முடியும் தறுவாயில் இருக்கும். நான்கும் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஓட்டிப் பார்க்க புரோக்கர் அவினாசி ரோட்டுக்குத்தான் கூட்டிப்போவார், அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மேட்டுப்பாளையம் தாண்டி, கோத்தகிரிப் பாதையில் முதல் நான்கைந்து வளைவு வரை போய் வர வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் காலையில். பெட்ரோல் நானே போடுகிறேன் என்றும் சொல்லுங்கள். அதற்கும் அவர் தயங்கினால், எனக்கு மறுபடி எழுத வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.