மடக்குக் கத்தியின் அலகை மெல்லிசாகச் சாணை பிடித்து வாங்கலாமா? கத்தி கெட்டுவிடாதா?

வாங்கலாம், கெடாது. யார் கையில் கொடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர், "கத்தி செய்த கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" என்று உங்களைக் கேட்டிருக்கிறார். கம்பெனிக்காரனுக்கு எல்லாம் தெரியும். அவன் கத்தியை வைத்து ஒருவன் பெயிண்ட் டப்பாவை நெம்புவான், இன்னொருவன் பலகையில் குத்தித் திருகுவான், உடைந்ததும் மாற்றிக் கொடு என்று வந்து நிற்பான் என்பதும் தெரியும். அதனால் எல்லோருக்கும் சேர்த்துத் தடிமனாகச் செய்கிறான். நெம்பாதவனும் அந்தத் தடிமனைத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் நிலைமையை ஊகிக்கிறேன். வீடியோ பார்த்து ஆசைப்பட்டு ஒரு கத்தி வாங்கியிருப்பீர்கள். வந்த அன்று காகிதத்தைச் சர்ரென்று அறுத்திருக்கும், கைமுடியைக்கூட மழித்திருக்கும். சமையலறையில் கேரட்டில் வைத்தால் பாதி வரை இறங்கி, மீதி 'டக்'கென்று பிளந்திருக்கும். மாங்காய்ப் பத்தை கோணலாக உடைந்திருக்கும். கூர் மழுங்கிவிட்டது என்று தீட்டியிருப்பீர்கள். எவ்வளவு தீட்டினாலும் அதே கதைதான். கூரில் குறை இல்லை. கூருக்குப் பின்னால் இருக்கிற சதையில்தான் குறை.

கொஞ்சம் கணக்கு. தடித்த மடக்குக் கத்திகளில், கூர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அலகின் தடிமன் 0.7 மில்லிமீட்டர்கூட இருக்கும். அதைப் பக்கத்துக்கு 15 பாகை வைத்துத் தீட்டினால், தீட்டிய பட்டை 1.3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வரும். அதே இடம் 0.25 ஆக இருந்தால் பட்டை அரை மில்லிமீட்டர்கூட வராது. கூரின் கோணம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதல் கத்தி காய்க்குள் இறங்க இறங்க இரண்டு பக்கத்தையும் தள்ளிக்கொண்டே போகிறது, இரண்டாவது சும்மா போகிறது. வெறுமனே தீட்டினால் கூர் வரும், இந்த மெல்லிசு வராது. அதற்கு அலகின் பக்கவாட்டையே சாணை பிடித்துக் குறைக்க வேண்டும்.

இனி என் கத்தி. மனைவியின் தம்பி துபாயில் இருக்கிறான். லீவில் வரும்போது எனக்கென்று ஒரு மடக்குக் கத்தி கொண்டுவந்தான். "அத்தான், இது டி2 ஸ்டீலாக்கும், லேசுப்பட்டது இல்ல" என்றான். டி2 என்றால் கருவிகள் செய்கிற கெட்டியான ஸ்டீல் வகை. லேசுப்பட்டது இல்லைதான். முதுகுப் பக்கம் மூன்றரை மில்லிமீட்டர், பட்டறைக் கணக்கில் ஒரு நூலுக்கும் மேல். பாதி அகலம் வரை அப்படியே பலகை போல இறங்கி, அதற்கப்புறம்தான் சரியத் தொடங்கும். பார்க்கக் கம்பீரமாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வாழை உண்டு, ஏத்தன் (நேந்திரன்), நாடு என்று இரண்டு ரகம். அங்கே கொண்டுபோய் ஒரு இலையை அறுத்தேன். இலைப் பரப்பு ஒழுங்காகத்தான் வந்தது, அதற்குக் கூர் மட்டும் இருந்தால் போதும். நடு நரம்பில்தான் சங்கதி. கத்தி நின்றது, அழுத்தினேன், நரம்பு நெரிந்து நார் நாராகக் கிழிந்தது. இலை அறுக்க வந்திருந்தவர் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கடப்பாரைக்கு மடக்குப் பிடி போட்டு வச்சிருக்கீய?" என்றார். அவர் கையில் இருந்தது ஒரு பழைய தகடு, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. அது நரம்பில் வைத்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவருடையது முழுசாக ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

எனக்கு இது புதிதும் இல்லை. அம்மாவின் ஊர் திசையன்விளைப் பக்கம். அங்கே பக்கத்து வீட்டுத் தாத்தா பனையேறி. பாளை சீவுகிற அருவாளைப் பார்த்திருக்கிறீர்களா? சினிமாவில் வருகிற அருவாளை நினைத்துக்கொள்ளாதீர்கள். அகலமாக, வளைவாக, வாய்ப் பக்கம் அவ்வளவு மெல்லிசாக இருக்கும். பாளை நுனியில் காலையும் மாலையும் ஒரு சீவல் எடுக்க வேண்டும். அந்தச் சீவல் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நாள் பாளை தாங்கும், அவ்வளவு நாள் பதனீர் வடியும். வாய் தடித்த அருவாளால் சீவினால் வெட்டுவாய் நசுங்கும், சொட்டு நிற்கும். தாத்தா சாணைச் சக்கரம் பக்கமே போக மாட்டார். பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, அருவாளைப் படுக்கப் போட்டு, முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருப்பார். படுக்கப் போட்டு என்பதைக் கவனியுங்கள். கூரை மட்டும் நிமிர்த்தித் தீட்டுவதில்லை, பக்கத்தையும் சேர்த்தே தேய்ப்பார். அதனால் வருஷம் போகப் போக அருவாள் அகலத்தில் குறையும், தடிக்காது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், "ஏல, பாளைக்கு நோவு தெரியப்பிடாதுல்லா" என்பார். இன்றைக்கு வெளிநாட்டில் அலகை மெல்லிசாக்கத் தனியாக ஆள் வைத்து, டாலரில் கூலி கொடுத்து, கத்தியைத் தபாலில் அனுப்பிச் செய்துகொள்கிறார்கள். அதே வேலைதான். பனையேறிகளுக்கு இது தொழிலின் முதல் பாடம்.

சரி, டி2 ஸ்டீலைப் பலகையில் கல்பொடி போட்டுக் குறைக்க முடியுமா? முடியும், அடுத்த பிறவி வரை தேய்க்கலாம். அதில் ஒன்றரை சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் இருக்கிறது, சாதாரணக் கல் வழுக்கும். மெஷின்தான் வேண்டும்.

நேராக நல்ல கத்தியைக் கொடுக்கவில்லை. வீட்டில் கிடந்த மலிவான கார்பன் ஸ்டீல் கத்தி ஒன்றைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு சாணைக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உலர்ந்த சக்கரம், பொறி தீபாவளி மாதிரி பறக்கிறது, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர்கூட இல்லை. "ரெண்டு நிமிஷம்" என்றார், அப்படியே முடித்தும் விட்டார். முனையில் விரலகலத்துக்கு நீலம் பாய்ந்திருந்தது. கார்பன் ஸ்டீலில் வைக்கோல் நிறம் வந்தால் சுமார் 220, 230 டிகிரி. நீலம் என்றால் 300 பக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் ஒரு எலுமிச்சம்பழம் நறுக்குவதற்குள் கூர் மடங்கும். இதில் இன்னொரு அநியாயம், கூர்ப் பக்கம் மெல்லிசாக ஆக ஆகச் சூடு வேகமாக ஏறும். எந்த இடம் கெடக் கூடாதோ அதுதான் முதலில் கெடும். காட்டினால், "நீலமா இருந்தா அழகுதானே அண்ணாச்சி" என்கிறார். கூலியையும் முழுசாக வாங்கிக்கொண்டார்.

நல்ல கத்தியைத் திருநெல்வேலிப் பேட்டையில் தெரிந்த ஒரு லேத் பட்டறை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்ததுமே, "இது டை அடிக்கிற இரும்புல்லா" என்றார். தகட்டை வெட்டவும் துளைக்கவும் ஆன 'பஞ்ச்', 'டை' என்கிற அச்சுக் கருவிகள் செய்கிறவர்களுக்கு டி2 அன்றாடச் சோறு. கத்தியைத்தான் அவர் அதில் பார்த்ததில்லை. அவரிடம் சர்ஃபேஸ் கிரைண்டர், அதாவது தட்டையாகச் சாணை பிடிக்கிற மெஷின் இருந்தது, சூடு ஏறாமல் இருக்கப் பால் போலக் கூலண்ட் ஊற்றிக்கொண்டே இருக்கிற வகை. நான் கேட்டது, கூருக்குப் பின்னால் கால் மில்லிமீட்டர். அவர் கேட்டது, "உடைஞ்சா என்னையக் கேக்கப்பிடாது". ஒத்துக்கொண்டேன்.

பிடியைக் கழற்றி அலகை மட்டும் தனியாக எடுத்தோம். இது முக்கியம். பிடியோடு கொடுத்தால் தூள் உள்ளே போய் மடக்கு இறுகிவிடும். அலகின் அடிப்பகுதியை, அதாவது திருகும் பூட்டும் உட்காரும் இடத்தை, சக்கரம் தொடவே கூடாது. அங்கே ஒரு துளி குறைந்தாலும் அலகு ஆடும், பூட்டு விழாது. அலகுக்கு அடியில் 3 பாகைச் சாய்வில் இரும்பு ஆப்பு வைத்து, காந்தப் படுக்கையில் உட்காரவைத்து, ஒரு ஓட்டத்துக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று எடுத்தார். ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போடும்போது சாய்வு இரட்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் கூர் நடுவில் நிற்காமல் ஒதுங்கிவிடும். அது எனக்குத் தோன்றவே இல்லை, அவர் பேசிக்கொண்டே வேறு ஆப்பை எடுத்து வைத்தார். இடையிடையே விரலை வைத்துப் பார்த்தேன், அலகு குளிர்ந்துதான் இருந்தது.

ஒன்று மட்டும் மெஷினால் முடியாது. முனைப் பக்கம் கூர் மேல்நோக்கி வளைகிறதல்லவா, நேர்த்தளமாகச் சாணை பிடித்தால் அந்த வளைவில் மட்டும் தடிமன் மிஞ்சும். அதை நான் வீட்டில் டைமண்ட் கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே குறைத்தேன். தாத்தா மாதிரி படுக்கப் போட்டுத்தான். பல சாயங்காலங்கள் போயின. அதற்கு வீட்டில் கிடைத்த பாராட்டை இங்கே எழுத வேண்டாம்.

முடிந்ததும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் பெரும்பகுதியில் 0.25, முனைப் பக்கம் 0.3. கம்பெனி முத்திரையும் கறுப்புப் பூச்சும் போயே போச்சு. இப்போது வாழை நரம்பில் வைத்தால் நரம்பு இருப்பதே தெரியவில்லை. ஏத்தங்காயை வற்றலுக்குச் சீவினால் சீவல் வழியாக வெளிச்சம் தெரிகிறது. கிளிமூக்கு மாங்காய், வெங்காயம், அவித்த பனங்கிழங்கு எதுவானாலும் சரி. தேங்காய், நுங்கு, எலும்பு பக்கம் கொண்டுபோவதில்லை. குத்தித் திருகுவதும் இல்லை, திருகினால் பல் பல்லாக உதிரும். அதற்கெல்லாம் வீட்டில் வேறு அருவாள் இருக்கிறது.

சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாரண்டி போய்விடும், தெரியும். திருப்பி விற்றால் விலை போகாது, தெரியும், நான் விற்கப்போவதில்லை. "திருநெல்வேலிக்காரன் கத்தியைப் பற்றித்தானே பேசுவான்" என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம், எங்கள் காதுக்கு அது பழகிவிட்டது. ஆயுத விதிகளைக் காட்டுபவர்களுக்கு: 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்குத்தான் அங்கே பேச்சு, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. என் கத்தி அதில் பாதிகூட இல்லை. அதற்காகக் கோயில் கொடைவிழாக் கூட்டத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு போகாதீர்கள்.

இலை பற்றி எழுதியதும் இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். போன முகூர்த்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அவரே வாழை போட்டிருப்பவர். பந்தியில் உட்கார்ந்தால் முன்னால் பச்சை மை பூசி நரம்பு அச்சடித்த காகித இலை, மேலே பிளாஸ்டிக் படலம். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுகளுக்கெல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேட்டால், "ஆடிக் காத்துல இல கிழிஞ்சு போச்சு, வெல கூடிப் போச்சு, சமையல்காரர்தான் கொண்டாந்தார்" என்கிறார்கள். காற்றில் இலை கிழிவது உண்மைதான், என் தோட்டத்திலும் கிழிகிறது. கிழிந்த இலையில் சாப்பிட்டால் சாம்பார் ஓடும், அவ்வளவுதானே? சுடுசோற்றுக்குக் கீழே பிளாஸ்டிக் இளகுவதைவிடச் சாம்பார் ஓடட்டும். ரசத்தோடு எழுந்துவிட்டேன். அதற்கு ஒரு மனஸ்தாபம், இன்னும் ஓடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் கத்தி வாங்கவில்லை என்றால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பிரான்ஸில் 1890 முதல் ஒப்பினெல் என்று ஒரு மரப்பிடிக் கத்தி செய்கிறார்கள், பிறந்ததிலிருந்தே மெல்லிசு. 8ஆம் எண் வாங்கினால் எட்டரை சென்டிமீட்டர் அலகு, வீட்டு வேலைக்குத் தாராளம். சுவிட்சர்லாந்துக் கம்பெனி விக்டோரினாக்ஸின் சாதாரண மாடல்களும் மெல்லிசுதான். ஏற்கெனவே தடியனை வாங்கிவிட்டீர்கள் என்றால், உங்கள் ஊரில் டை வேலை செய்கிற பட்டறையாகப் பார்த்துப் போங்கள். கூலண்ட் உண்டா என்று முதலில் கேளுங்கள். "தண்ணி எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் அங்கே இருந்து வந்துவிடுங்கள். எந்த ஸ்டீல் என்று எழுதிக்கொண்டு போங்கள். 0.25க்குக் கீழே பேராசைப்படாதீர்கள். மலிவான மெது ஸ்டீல் என்றால் 0.35, 0.4 போதும், அதற்குக் கீழே போனால் கூர் மடங்கும்.

கூலி எவ்வளவு என்று கேட்பீர்கள். பேட்டை அண்ணாச்சி காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், ஒரு ஏத்தன் தார் கொண்டுபோய் இறக்கினேன். உங்களிடம் தோட்டம் இல்லையென்றால் மெஷின் ஓடுகிற நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் கேட்பார்கள், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.