கிணற்றடியில் ஒரு கதிரை

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகனுக்கு 17 வயது, உயர்தரம் படிக்கிறான். நடை தள்ளாடத் தொடங்கி நாலு வருடம். போன வருடம் மரபணுச் சோதனை செய்து ‘ஃபிரீட்ரிக் அட்டாக்சியா’ என்ற பரம்பரை நரம்பு நோய் என்றார்கள். மருந்து இல்லையாம். சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான், கதையும் குழறுகிறது. சந்தியில் யாரோ “இந்த வயசிலயே குடியா” என்று கேட்ட நாளிலிருந்து டியூசனுக்கும் போகாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான். நானும் அவரும் மச்சான் மச்சாள். அதனால்தான் வந்ததா? அவனை எப்படிச் சந்தோசமாக வைத்திருப்பது?

பதில்: அம்மா, கலியாணக் கேள்வியை முதலில் முடிப்போம். தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணுப் பிரதி ஒவ்வொன்று ஒளிந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. சொந்தத்துக்குள் முடித்தால் இருவரிடமும் அதே பழுது இருக்கும் சாத்தியம் கூடும். அந்நியத்தில் முடித்த வீடுகளிலும் வரும். நீங்கள் தெரிந்து செய்த பிழை எதுவும் இல்லை.

மரபணுச் சோதனை செய்தது நல்லது. வைட்டமின் ஈ பரம்பரைக் குறைபாட்டிலும் இதே போன்ற தள்ளாட்டம் வரும், அதற்கு அந்த வைட்டமினே மருந்து. உங்களுக்கு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ‘மருந்து இல்லை’ என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒமாவெலொக்சோலோன் என்ற மருந்தை 2023 இல் அமெரிக்கா 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அனுமதித்தது. அது நோயைச் சுகப்படுத்தாது, போக்கைக் கொஞ்சம் மெதுவாக்கும். அங்கே விலை ஆண்டுக்கு மூன்று இலட்சம் டொலருக்கு மேல். எண்ணெய், கஷாயத்தால் சுகப்படுத்துவேன் என்று யாராவது வந்தால் காணியை விற்றுவிடாதீர்கள்.

இந்த நோயில், கால் எங்கே நிற்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அந்தக் குறையைக் கண்தான் ஈடுகட்டுகிறது. கிணற்றடியில் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது கண்ணை மூடுவான் பாருங்கள், ஆள் சரிவது அந்த நேரத்தில்தான். கால் அகன்ற பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், இருந்து குளிக்கட்டும். இரவில் கக்கூசுக்குப் போகும் வழியில் சின்ன பல்ப் ஒன்று எரியட்டும். கரண்ட் போகும் இரவுக்குத் தலைமாட்டில் ஒரு டோர்ச்.

சக்கர நாற்காலி என்றதும் வீட்டில் அழுகை தொடங்கும். சுவரைப் பிடித்துப் பிடித்து டியூசன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தவனுக்குப் படிக்கத் தெம்பு எங்கே மிஞ்சும்? வீட்டுக்குள் நடக்கட்டும், தூரத்துக்கு நாற்காலி. சந்தியில் குடிகாரன் என்று பார்ப்பவர்களும் குறைவார்கள். உங்கள் பக்கத்து மணல் ஒழுங்கையில் முன்னால் உள்ள சின்னச் சில்லுகள் புதையும், அந்த இடத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். நாற்காலி உதவிக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

தண்ணீர் குடிக்கும்போது புரைக்கேறினால் நாடியை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்திச் சின்ன மிடறாகக் குடிக்கட்டும். உதிர்ந்த புட்டை வெறுமனே கொடுக்காமல் சொதி விட்டுக் குழைத்துக் கொடுங்கள். புரை தொடர்ந்தால் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கிளினிக்கில் விடக்கூடாதது இதயம். இந்த நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. வருடம் ஒருமுறை ஈ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்), கூடவே இரத்தச் சீனி. முதுகு வளைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் வளரும் வயதில் அந்த வளைவு வேகமாகக் கூடும்.

ஒன்றைச் சொன்னால் கோபிக்கக்கூடாது. இவ்வளவு எழுதியும், மகனுக்கு என்ன விருப்பம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. நாக்குத்தான் குழறுகிறது, விளங்கும் சக்தி அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் “தம்பி தேத்தண்ணி குடிப்பாரா?” என்று உங்களிடம் கேட்டால், “அவரையே கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் பொறுத்திருங்கள். பதில் வர அரை நிமிடம் ஆகலாம், இடையில் புகுந்து முடித்து வைக்காதீர்கள். சாப்பாடும் நித்திரையும் இரண்டு கிழமைக்கு மேல் குழம்பிக் கிடந்தால் அதை வெறும் கவலை என்று விடவேண்டாம், மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

பரீட்சை எழுதத்தான் விருப்பம் என்றால் வழி இருக்கிறது. கை நடுங்கி எழுத்து மெதுவாகும் பிள்ளைக்கு மேலதிக நேரமோ, சொல்லச் சொல்ல எழுதும் உதவியாளரோ கேட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்கு வைத்திய அறிக்கையுடன் விண்ணப்பிக்கலாம். அதிபர் ஊடாகத்தான் போகும். பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நேரத்திலேயே அதிபரைப் போய்ப் பாருங்கள், மகனையும் கூட்டிக்கொண்டு.