ஆஸ்பத்திரி வாசல்ல நடுங்குற நாய்: கேள்வி பதில்

கால்நடை ஆஸ்பத்திரியில நாயைப் பிடிச்சு நிறுத்துற வேலை எனக்கு, 12 வருஷமா. பழக்குறதைப் பத்திக் கேளுங்க. மருந்து கேட்காதீங்க, அதுக்கு டாக்டர் இருக்காங்க.

மதுரை: அக்கா, எங்க சிப்பிப்பாறை நாய்க்கு ரெண்டு வயசு. ஆஸ்பத்திரி வாசலைக் கண்டா நாலு காலையும் ஊன்றிக்கிடுது. தூக்கிட்டுப் போனா மேசை மேலேயே ஒண்ணுக்கு போயிடுது.

பதில்: இனிமே இழுக்காதீங்க தம்பி. ஊசி இல்லாத நாளாப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. முதல் நாள் எதிர்த்த பக்கம் வரைக்கும் போதும். வேகவச்ச கோழி ஈரலை நகத்தளவு கிள்ளிக் கொடுத்துட்டுத் திரும்பிடுங்க. வாங்கித் திங்கலேன்னா ரொம்ப கிட்ட வந்துட்டீங்க, பத்தடி பின்னால போங்க. அப்புறம் வாசல், அப்புறம் எடை மெஷின். ஸ்டீல் மேசை வழுக்கும். காலுக்குப் பிடிமானம் இல்லேன்னா எந்த நாயும் பதறும். அது படுக்கிற சாக்கையே கொண்டுபோய் விரிங்க.

வீட்டுல தினமும் காது, பாதம், உதடு தொட்டுப் பழக்குங்க. முதல்ல தொடணும், அப்புறம் தீனி. மாத்திச் செஞ்சா ஈரலைக் கண்டாலே "என்னமோ பண்ணப் போறாங்க"ன்னு ஒதுங்கும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தா, சிப்பிப்பாறை வேட்டை நாய் இனம்னு டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

திருச்சி: போறதுக்கு முன்னாடி பாரசிட்டமால் கொடுத்தா அமைதியா இருக்குமா?

பதில்: கூடவே கூடாது, நாயோட ஈரல் கெட்டுடும். பயத்துக்குன்னே கபாபென்டின், டிராசடோன் மாதிரி மாத்திரைகள் இருக்கு. எடை பார்த்து டாக்டர்தான் எழுதணும்.

சேலம்: பயப்படுதுன்னு ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடலாமா?

பதில்: வேண்டாம். டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.

விருதுநகர்: எங்க தாத்தா காலத்துல ஈரலெல்லாம் ஏது? ஒரு அதட்டு, அடங்கிடும். தடவிக் கொடுத்தா பயம் கூடத்தான் செய்யும்.

பதில்: அடங்கின நாய்ங்க பக்கத்துல தினம் நிக்கிறவ நான், அண்ணாச்சி. உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணோரம் வெள்ளை தெரியும். அதெல்லாம் பயத்தோட அடையாளம். உறுமினா அதட்டி நிறுத்துறீங்க. அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும், கடி வாங்குறது என் கை. தடவிக் கொடுக்கிறதால பயம் கூடாது. அதுவா உங்க மேல சாயுதான்னு மட்டும் பாருங்க.

விருதுநகர்: அப்போ வாய்க்கூடு போடுறது மட்டும் கொடுமை இல்லையாக்கும்?

பதில்: துணிப் பட்டையால இறுக்கிக் கட்டினா கொடுமைதான். நாய் நாக்கை நீட்டி இளைச்சாத்தான் உடம்புச் சூடு இறங்கும். கூடை மாதிரி இருக்கிறதா வாங்கி, உள்ளே ஈரல் வச்சு, அதுவா மூக்கை நுழைக்க விடுங்க. அவசரப்பட்டு வாரை மாட்டாதீங்க.

திருச்சி: அக்கா, பாரசிட்டமால் பாதி மட்டும்?

பதில்: பாதியும் கிடையாது, காலும் கிடையாது.

மதுரை: எதிர்த்த பக்கம் போய்ப் பார்த்தோம் அக்கா. ஈரலைத் துப்பிடுச்சு.

பதில்: பக்கத்துல டீக்கடை இருக்கா? அதுவரைக்கும் பின்னால வாங்க.