குழந்தையின் காதில் நீர்: குழாய் வைக்கலாமா, காத்திருக்கலாமா?

நான் ஆடியாலஜிஸ்ட், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவள். ஆபரேஷன் செய்வது என் வேலை இல்லை. செய்யலாமா வேண்டாமா என்று இ.என்.டி. டாக்டர் யோசிக்கும்போது அவர் மேசையில் இருக்குமே ஒரு வரைபடம், அதை எடுத்துக் கொடுப்பவள் நான். காதில் நீர் என்றதும் பதறிப்போய் வரும் பெற்றோர் கேட்கிற கேள்விகள்தான் இவை.

மூன்றரை வயது மகனுக்குக் காது வலியும் காய்ச்சலும் வந்து சரியாகி ஐந்து வாரம் ஆகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்கியிருக்கிறது, அடுத்த வாரமே செவிப்பறையில் சின்னத் துளையிட்டு, அதில் குட்டிக் குழாய் வைக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா மேடம்?

அவசரப்பட வேண்டாம். காதுவலி ஆறிய பிறகு நீர் சில வாரம் தங்குவது வழக்கம்தான். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குக் காற்று கொண்டுபோகும் குழல் சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறைய படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் உள்ளே நீர் கோக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். அதனால்தான் நீர் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பொறுப்பது என்றால் மறந்துவிடுவது இல்லை. தேதியைக் குறித்து வையுங்கள், இடையில் ஒரு முறை காதைக் காட்டுங்கள். செவிப்பறை உள்ளே குழிந்து ஒட்டுகிறது, காது எலும்பு அரிக்கிறது என்று டாக்டர் சொன்னால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் “ஏன் இப்போதே?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என் மகளுக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். அப்படியானால் காது நன்றாகத்தானே கேட்கிறது?

எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். இந்த நீரால் குறையும் கேள்திறன் சராசரியாக 25 டெசிபல் சுற்றில் இருக்கும். காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடும் குரல் கேட்கும். சொல்லின் கடைசி எழுத்து கேட்காது. ‘பால்’, ‘பாய்’, ‘பார்’ மூன்றும் அவளுக்கு ‘பா’தான். ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது பாருங்கள், சன்னமான அந்தக் கடைசி ஒலியில். மொழி கற்கிற வயதில் அதுதான் நழுவுகிறது.

ஒரே வாக்கியத்துக்கு இரண்டு முறை “ஆங்?” என்கிறாளா? டிவியின் பக்கத்தில் போய் உட்காருகிறாளா? நாலு பேர் பேசும் இடத்தில் தனியாக ஒதுங்குகிறாளா? காரணமில்லாமல் தடுமாறி விழுகிறாளா? இவற்றைக் கவனியுங்கள். நீர் ஏறி இறங்கும் என்பதால் ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது. “வேணும்னே காதில் வாங்கமாட்டேங்கிறா” என்று திட்டு வாங்கிய எத்தனையோ பிள்ளைகளை என் பரிசோதனை அறையில் உட்காரவைத்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. கைதட்டல் அவ்வளவு சத்தம்!

ரிப்போர்ட்டில் ‘இரண்டு காதும் பி வகை, 30 டெசிபல்’ என்று இருக்கிறது. நான்கு மாதமாக நீர் வற்றவில்லை. மகனுக்கு வயது ஐந்து. இது மோசமா?

இரண்டு வேறு சோதனைகளை ஒன்றாக எழுதியிருக்கிறார்கள். ‘பி வகை’ என்பது டிம்பனோகிராம். செவிப்பறை அசைகிறதா என்று மட்டும் அது சொல்லும், எவ்வளவு கேட்கிறது என்று சொல்லாது. கோடு மேடு இல்லாமல் தட்டையாக இருந்தால் பின்னால் நீர் இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். காதுக் குரும்பி அடைத்திருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் கோடு தட்டையாகத்தான் வரும். பக்கத்தில் இருக்கும் கொள்ளளவு எண்ணைப் பார்த்து அதைப் பிரித்தறிவோம். 30 டெசிபல் என்பதுதான் கேள்திறன். அதாவது, காதில் விழக் குறைந்தது அவ்வளவு சத்தம் வேண்டும்; எண் கூடக் கூடக் கேட்பது குறைவு.

இரண்டு காதிலும், மூன்று மாதம் தாண்டியும், கேட்பதில் குறை என்று பதிவாகியும் இருந்தால் குழாய் வைப்பது பற்றிப் பேசுவது நியாயம். உங்கள் மகன் அந்த இடத்தில்தான் இருக்கிறான். நீர் இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஆபரேஷனுக்குப் போக வேண்டாம் என்பேன். உங்கள் ரிப்போர்ட்டில் அதற்கு மேலும் காரணம் இருக்கிறது.

ஆனால் குழாயிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு போங்கள். வைத்த உடனே கேட்பது தெளியும். பெரிய லாபம் முதல் ஆறு, ஒன்பது மாதங்களில்தான். பிறகு, வைக்காத பிள்ளைகளுக்கும் நீர் வற்றிவிடுவதால் வித்தியாசம் சுருங்கும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஜாக் பாரடைஸ் குழுவினர், வேறு குறையில்லாத, மூன்று வயதுக்குள் நீர் நீடித்த 429 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே குழாய். இன்னொரு பிரிவுக்கு, நீர் வற்றாவிட்டால் ஒன்பது மாதம் வரை பொறுத்துப் பிறகு குழாய். 9 முதல் 11 வயதில் மறுபடி பார்த்தபோது படிப்பிலும் கவனத்திலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2007இல் எழுதினார்கள். இன்னும் சில வாரம் யோசிக்க விரும்பினால் பையனின் எதிர்காலம் கெட்டுவிடாது. வகுப்பில் இப்போதே திணறுகிறான் என்றால் நான் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன்.

ஒரு காதில் மட்டும் நீர் என்றால்?

மற்ற காது நன்றாகக் கேட்டால் அவசரம் குறைவு. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டிக்கொண்டே இருங்கள். (பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் தங்கினால் கதை வேறு. மூக்கின் பின்பக்கத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும்.)

ஆறு வாரமாக ஆன்டிபயாடிக், சளி சிரப், மூக்கு ஸ்பிரே எல்லாம் கொடுத்துவிட்டோம். எதற்கும் நீர் வற்றவில்லையே?

வற்றாது. இந்த நீரை வற்றவைக்க இவை எதையும் பரிந்துரைப்பதில்லை. மூக்கில் அலர்ஜி இருந்தால் அதற்காக ஸ்பிரே கொடுக்கலாம், அவ்வளவுதான். நாலைந்து வயதுக்கு மேல் என்றால், மூக்குத் துளையால் ஊதுவதற்கென்றே செய்த பலூன் இருக்கிறது, தினமும் மூன்று முறை. பலன் சிறியது, ஆனால் கெடுதல் இல்லை, காத்திருக்கும் காலத்தில் செய்து பார்க்கலாம். வீட்டில் யாராவது புகைபிடித்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

பேத்திக்கு இரண்டரை வயதுதான் ஆகிறது, அம்மா. மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும் என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் ஓர் எச்சரிக்கை விட்டது உண்மை. மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் மயக்கத்தில் இருப்பது, அல்லது மீண்டும் மீண்டும் மயக்கம் கொடுப்பது பற்றியது அது. குழாய் வைக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பெரும்பாலும் முகமூடி வழியாகவே மயக்கம் கொடுப்பார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். ஒரு முறை, கொஞ்ச நேரம் என்றால் நான் அதற்காக ஆபரேஷனைத் தடுக்கமாட்டேன்.

குழாய் வைக்கும்போதே அடினாய்டும் (மூக்கின் பின்பக்கத்தில் இருக்கும் சதை) எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

நான்கு வயதும் அதற்கு மேலும் என்றால் யோசிக்கலாம், நீர் திரும்ப வருவது குறையும். அதற்குக் கீழே என்றால் மூக்கடைப்பு போல வேறு காரணம் இருக்க வேண்டும். இந்த நீருக்காக மட்டும் டான்சில் எடுப்பதில் அர்த்தமில்லை.

டவுன் சிண்ட்ரோம் உள்ள மகன். அவனுக்கும் மூன்று மாதம் காத்திருக்கணுமா?

அவனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டவுன் சிண்ட்ரோம், அண்ணப்பிளவு, ஏற்கெனவே பேச்சுத் தாமதம், நிரந்தரக் கேள்குறை, பார்வைக் குறை, ஆட்டிசம் இருக்கும் பிள்ளைகளுக்கு நீர் தானாக வற்றும் வாய்ப்பு குறைவாக இருக்கலாம், கேள்திறன் இழப்பு அதிகம் பாதிக்கும். முன்கூட்டியே சோதித்து முடிவெடுக்க வேண்டும். காது வழி குறுகலாக இருந்து குழாய் வைப்பது சிரமம் என்றால், காது மெஷினும் நல்ல வழி. அதைத் தோல்வியாக நினைக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

குழாய் வைத்தாயிற்று. குளிப்பாட்டும்போது பஞ்சு வைக்கணுமா? நேற்று காதில் சீழ் போல வடிந்தது.

சாதாரணக் குளியலுக்கும், தண்ணீரின் மேற்பரப்பில் நீந்துவதற்கும் அடைப்பு தேவையில்லை. ஆழத்தில் முங்குவதும் சோப்புத் தண்ணீரில் தலையை அமிழ்த்துவதும் வேண்டாம். வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வாய்வழி ஆன்டிபயாடிக்கைவிடக் காதில் விடும் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துதான் முதல் வழி. குழாய் ஆறு முதல் பதினெட்டு மாதத்தில் தானே வெளியே வந்துவிடும். நூறில் ஓரிரு குழந்தைகளுக்குச் செவிப்பறையில் சின்ன ஓட்டை மிஞ்சலாம், அதனால் பிறகும் ஒரு முறை காட்டுங்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து ஒன்றரை மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எதாவது செய்யணுமா?

பேசும்போது முகத்துக்கு நேரே, பக்கத்தில் போய்ப் பேசுங்கள். பள்ளியில் முன் வரிசை கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்பு காதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் டிம்பனோகிராமும். போன வருடம் ஒரு பையன், மறுநாள் காலை ஆபரேஷன், வெறும் வயிற்றோடு வர வேண்டியவன். முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் வந்தான். இரண்டு காதிலும் கோடு மேடாக எழும்பி நின்றது. டாக்டருக்கு அப்போதே போன் செய்தேன்.