டார்பிஷரில் ஊர்வழி நடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மான்செஸ்டருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மே மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அறுபதைத் தாண்டியவர்கள், ஆனால் ஊரில் தினமும் நடப்பவர்கள். டார்பிஷர் கிராமங்களை நடந்தே காட்ட ஆசை. ஒத்திகை பார்க்க நாங்கள் நாலு பேர் போனோம். எட்டுக் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி என்றது போன். நாலு மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு பண்ணை வாசலில் ‘பிரைவேட்’ என்று பலகை, அதற்கு அப்பால் வயல் நிறைய மாடுகள். பயந்து சுற்றி வந்தோம். அடுத்தவர் வயலுக்குள் நடக்கலாமா? பெற்றோருக்கு ஏற்ற வழி எது?

பிரபா

அன்புள்ள பிரபா,

போன் சொன்னது தார்ச்சாலைக் கணக்கு. மலையேறிகள் 1892 முதல் வைத்திருக்கும் நெய்ஸ்மித் கணக்கே மணிக்கு 5 கிலோமீட்டர், அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் என்கிறது. அதுவும் நல்ல உடல்கட்டு உள்ளவர்களுக்கு. வயல்வழியில் 4 கிலோமீட்டர் என்று வையுங்கள், பெற்றோருடன் என்றால் 3. அதோடு ‘ஸ்டைல்’களைச் சேருங்கள். ஆள் தாண்டலாம், ஆடு தாண்டக்கூடாது என்று சுவரில் வைத்திருக்கும் கடப்புகள் அவை. நாலு பேர் ஒன்றைத் தாண்ட மூன்று நிமிடம் ஆகும். பதினைந்து கடப்பு வந்தால் முக்கால் மணி போயிற்று. பெற்றோருடன் 8 கிலோமீட்டர், 200 மீட்டர் ஏற்றம், பதினைந்து கடப்பு: மூன்றே முக்கால் மணி. நீங்கள் தாமதமாக நடக்கவில்லை.

பலகை விஷயம். ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்பது தனியார் நிலத்தின் மேல் பொதுமக்களுக்குள்ள சட்ட உரிமை, உழவரின் தயவு அல்ல. ‘பிரைவேட்’ பலகை பெரும்பாலும் வண்டிகளுக்கும் வீட்டு வாசலுக்கும்தான். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவு எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சைச் சிறுகோடுகள் ஓடினால் அது உங்கள் வழி. கறுப்புச் சிறுகோடு பாதை இருப்பதை மட்டும் காட்டும், உரிமையைக் காட்டாது. கம்பத்தில் மஞ்சள் அம்பு நடப்பவருக்கு. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். பாதை வயலின் குறுக்கே போனால் உழவர் உழலாம். ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திருப்பித் தர வேண்டும். பயிர் நிற்கிறதே, ஓரமாகச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று நமக்குத் தோன்றும். உரிமை இருப்பதோ அந்தக் கோட்டின் மேல்தான். ஒருவர் பின் ஒருவராக நேரே போங்கள்.

மாடுகளிடம் மட்டும் இந்தக் கறார் வேண்டாம். மே மாதத்தில் கன்றுள்ள பசுக்கள் மேய்ச்சலில் இருக்கும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல், பாதையை விட்டு அகலச் சுற்றி மறுபடி வந்து சேருங்கள். இளங்காளைகள் கூட்டமாக ஓடி வருவது பெரும்பாலும் வேடிக்கை பார்க்க. ஓடினால் துரத்தும். கையை விரித்துக்கொண்டு நிதானமாக நடந்தால் நின்றுவிடும்.

வழியைத் தேர்வதற்கு முன் கல்லைப் பாருங்கள். வடக்கே கிரிட்ஸ்டோன் எனும் கருத்த மணற்கல், பீட் எனும் கரிய சேற்றுநிலம், 636 மீட்டர் உயரக் கிண்டர் ஸ்கவுட் மலை. 1932 ஏப்ரல் 24 அன்று தடையை மீறி நடந்தவர்களில் ஐந்து பேர் பின்னர் சிறை போன மலை அது. இன்று வரைபடத்தில் வெளிர்மஞ்சள் பூசிய அந்த மேட்டுநிலத்தில் பாதையை விட்டும் நடக்கலாம். அடிவாரத்து ஈடேல் ஊர் வரை ரயில் உண்டு. நீங்கள் போங்கள், பெற்றோர் வேண்டாம்.

அவர்களுக்குத் தெற்கே உள்ள சுண்ணாம்புக்கல் நாடு. எக்ஸ்ப்ளோரரில் ஓ.எல். 24-ஆம் தாள். இந்தக் கல் தண்ணீரை மேலே நிற்க விடாது. அதனால் புல் குட்டையாக, தரை பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். சேறு வயல் வாசல்களில்தான், மாடு மிதித்து மிதித்து. வயல்கள் சின்னவை, எங்கு பார்த்தாலும் காரை பூசாத வெள்ளைச் சுவர். வழி தவறாமலிருக்க இந்தச் சுவர்களை எண்ணுவதே போதும். 1:25,000 தாளில் ஒவ்வொரு சுவரும் மெல்லிய கோடாக இருக்கும், 1:50,000 தாளில் இருக்காது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் அறுந்துபோகும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

ஒரே ஆபத்து, பலர் கால் பட்டு வழவழப்பான சுண்ணாம்புக்கல். நனைந்தால் சோப்பு மாதிரி. லாத்கில் டேல் பள்ளத்தாக்குக்கு மோனியாஷ் ஊரிலிருந்து இறங்கச் சொல்வார்கள். அங்கே மேல்பகுதியில் பழைய கல்குவாரியின் உருட்டுக்கற்கள் கிடக்கின்றன, மழை நாளில் முழங்காலுக்கு ஆகாது. ஓவர் ஹாடன் ஊரிலிருந்து செங்குத்தான சந்து வழியே ஆற்றுக்கு இறங்கி, கான்க்ஸ்பரி பாலம் வரை ஆற்றோரமாகப் போய்த் திரும்புங்கள். கடுங்கோடையில் அந்த ஆறே சில இடங்களில் காணாமல் போகும். பழைய ஈயச் சுரங்கங்களின் வடிகால்கள் அதை மண்ணுக்கடியில் இழுத்துக்கொள்கின்றன.

கடப்புகளில், இரண்டு கல்லுக்கு நடுவே நுழையும் இடுக்கு பெற்றோருக்குச் சிரமமில்லை. முதுகுப்பையைக் கழற்றினால் போதும். சுவரிலிருந்து துருத்தும் கற்படிகள்தான் தொல்லை. இறங்கும்போது முகத்தைச் சுவர் பக்கம் வைத்து, ஏணியில் இறங்குவதுபோல இறங்கச் சொல்லுங்கள். அம்மா சேலை கட்டுபவர் என்றால் கடப்பே இல்லாத டிசிங்டன் டிரெயில்தான் சரி. பழைய ரயில் பாதை, 21 கிலோமீட்டர், சன்ன ஜல்லித் தரை. டிசிங்டன் பழைய நிலையத்தில் காரை நிறுத்தி வடக்கே நடங்கள். போகும்போது தெரியாத ஏற்றம், களைத்துத் திரும்பும்போது இறக்கம்.

முடிந்தால் ஈஸ்டருக்குப் பின் 39-ஆம் நாள், இயேசுவின் விண்ணேற்ற நாளான அசென்ஷன் வியாழனில் டிசிங்டன் ஊருக்கு வாருங்கள். தண்ணீர் நிற்காத கல்மேட்டில் வற்றாத ஊற்றுகளுக்கு அன்று அலங்காரம். ஊற்றருகே வைக்கும் மரப்பலகைகளை முன்பே நாள்கணக்கில் நீரில் ஊறவைத்து, உப்புப் பிசைந்த களிமண்ணை அதில் அப்பி, பூவிதழ், பாசி, விதை கொண்டு படம் பதிக்கிறார்கள். பலகை ஊறாவிட்டால் களிமண்ணின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். உப்பும் ஈரம் காக்கத்தான். இதழ்களைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிய வைப்பார்கள், மழைநீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். ஒரு வாரம் வரை வைத்திருப்பார்கள், ஆனால் கடைசி நாட்களில் இதழ் பழுப்பேறிக் களிமண் வெடிக்கத் தொடங்கும். வியாழன் அல்லது வெள்ளியே போய்விடுங்கள்.