பெயரைப் பார்த்ததும் மாறும் பதில்

கேள்வி: கணக்கியலில் டிப்ளோமா முடித்த என் மகன் கொழும்பில் வேலை தேடுகிறான். விண்ணப்பம் போட்டால் பதிலே வருவதில்லை. கூடப் படித்த சிங்களப் பிள்ளைக்கு இவனைவிடக் குறைந்த பெறுபேறுதான், ஆனால் உடனே கூப்பிட்டுவிட்டார்கள். வாடகைக்கு அறை கேட்டால், ஊர் திருகோணமலை என்றதும் "ஆள் வந்துவிட்டது" என்கிறார்களாம். என் அண்ணனோ, "திறமை இருந்தால் எங்கேயும் முன்னேறலாம்" என்று அவனைப் பேசுகிறார். பிள்ளை தன்னில்தான் ஏதோ குறை என்று நினைக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்கு என்ன சொல்வது?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: தங்கச்சி, அவன் கற்பனை பண்ணவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பொஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒரே தரம், பெயர் மட்டும் வேறு. வெள்ளையரின் பெயர்போல் இருந்தவற்றுக்குக் கறுப்பினத்தவரின் பெயர்போல் இருந்தவற்றைவிட 50 வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. 2004இல் வெளியான ஆய்வு அது. அழைப்பு வராதவருக்கு ஏன் வரவில்லை என்று அறிய வழியே கிடையாது. அதனால்தான் உங்கள் மகன் தன்னைத் துருவிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் அண்ணனுக்கு என் அப்பாவின் கதையைச் சொல்லுங்கள். திருகோணமலையில் ஒரு அரச கந்தோரில் லிகிதர். ஆங்கிலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், கை எழுத்துக்குப் பேர் போனவர். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் வந்தது. பிறகு சிங்களப் பரீட்சை சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றானது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, எங்கள் பழைய கொப்பிகளில் மிச்சமிருந்த தாள்களில் சிங்கள எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார். பென்சிலை அவ்வளவு அழுத்துவார், தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். கந்தோரில் கணக்குத் தெரிந்தவர் யார் என்றால் அவரைத்தான் காட்டுவார்கள். ஆனாலும் பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றார்.

நின்றது அவருடைய சம்பளம் மட்டுமா? வாங்கிப்போட்ட காணியில் வீடு அத்திவாரத்தோடு நின்றது. அண்ணாவை யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது. அக்காவின் கலியாணப் பேச்சு தள்ளித் தள்ளிப் போனது. ஓய்வூதியத்தையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தானே கணக்குப் பார்க்கிறார்கள்? ஒரு ஆளுக்குச் செய்த அநியாயம் பிள்ளைகள் வரைக்கும் வந்தது. திறமை பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அப்புறம் தரப்படுத்தல், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கு மொழியைப் பார்த்து வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தது. 1971இல் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்கள மொழிமூலத்துக்கு 229 போதும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் எங்கள் திருகோணமலைப் பிள்ளைகள் நன்மையும் அடைந்தார்கள். பின்தங்கிய மாவட்டத்தைப் பார்த்துக் கை கொடுப்பது வேறு, மொழியைப் பார்த்து வாசலை உயர்த்துவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களிடம் நான் வாதாடாமல் விடுவதில்லை.

அறை விஷயத்துக்கு வருகிறேன். போர்க்காலத்தில், 2007 ஜூன் 7ஆம் திகதி, பாதுகாப்புச் சந்தேகம் என்று சொல்லிப் பொலிஸார் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் அந்தச் சந்தேகம் வீட்டுக்காரர் மனதிலிருந்து ஒரு கட்டளையால் போய்விடாது. நாங்களும் சுத்தமில்லை, தங்கச்சி. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துக்கோ முஸ்லிம் குடும்பத்துக்கோ வீடு கொடுக்க முகம் சுளிக்கிற தமிழ் வீடுகள் எங்கள் நகரத்திலும் இருக்கின்றன. எனக்கு அது பெரிய வெட்கம்.

சரி, மகன் என்ன செய்யலாம்? அரச பதவிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய் ஒதுக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தனக்குக் கிடைத்த புள்ளிகளையும் புள்ளித் திட்டத்தையும் எழுத்தில் கேட்கட்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். இனம், மொழி காரணமாகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. முறைப்பாட்டை ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் கொடுத்தால், அவர்கள் விசாரிக்கும் காலம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடுவதற்கான ஒரு மாதக் கெடுவில் சேராது. தகவல் வரட்டும் என்று காத்திருந்து அந்த மாதத்தைத் தவற விட வேண்டாம். தேதிகளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியார் கம்பனி பெயரைப் பார்த்து ஒதுக்கினாலும் இப்படி முறையிடலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: அடிப்படை உரிமை வழக்காகப் போட முடியாது. அந்த வழி அரச நிர்வாகம் செய்த காரியத்துக்கு மட்டுமே. பிரிட்டனில் வேலையிலும் வீடு கொடுப்பதிலும் இனம் பார்ப்பதை 1968இலேயே சட்டவிரோதமாக்கிவிட்டார்கள், தனியாருக்கும் சேர்த்து. அப்படி ஒரு சட்டம் இங்கேயும் வர வேண்டும். வாக்குக் கேட்டு உங்கள் படலைக்கு வருகிறவரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.